விமானத்தின் நான்காம் பொருள்

காலை பத்தரை மணிக்குப் பூதக்கண்ணாடி மாடிப்படி ஏறி வந்தார். அவர் மாடி ஏறினால் ஏதோ ஒரு சொல்லுக்குக் கண்டம் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். முப்பத்தைந்து வருடமாக அங்கே அச்சுப்படி திருத்துகிறவர்; பூதக்கண்ணாடி என்பது அந்த வேலை தந்த பட்டப்பெயர். சில்லறைப் பிழையென்றால் கீழேயிருந்தே குரல் கொடுப்பார். முழங்கால் வலியோடு இருபத்திரண்டு படி ஏறி வருகிறார் என்றால் சமாசாரம் பெரிது.

பெரியவள் மேசையிலிருந்து தலை தூக்கவில்லை. "சொல்லுங்க ஐயா. எந்தச் சொல்லு?"

"விமானம்."

"அதுல என்ன?"

"நாலாவது பொருளுக்கு மூலச் சீட்டை ஒத்துப் பார்க்கணும்மா. கைப்பிரதி நாற்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. அந்தக் கைப்பிரதி நம்மகிட்ட இல்லையே?"

"நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே இரவல் போனது. போனது போனதுதான்."

"அப்ப அப்பா கைப்பட எழுதின சீட்டையாவது பார்த்துடணும். நாலு மணிக்கு அச்சுக்குப் பிளேட் போடணும்னு தம்பி கீழ குதிச்சிட்டிருக்கார். அதோட..." அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "மூணு மணிக்கு அந்த ஆய்வாளர் வர்றாரே. அவர் கேக்கப்போறதும் அதே சீட்டுதான்."

பெரியவளின் பென்சில் நின்றது.

அந்த வீட்டை ஊரில் சீட்டு வீடு என்பார்கள். புதிதாகக் குடி வந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, உள்ளே விடிந்தது முதல் அடைந்தது வரை கும்பலாக உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வதுண்டு. ஒருவர் கதவைத் தட்டி, "ஒரு கை குறையுதா?" என்றே கேட்டிருக்கிறார். உள்ளே இருந்தவை வேறு சீட்டுகள். உள்ளங்கை அகலத்தில் தொண்ணூறாயிரம். ஒவ்வொன்றிலும் ஒரு சொல், அந்தச் சொல் வந்த ஒரு வாக்கியம், அது எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு. ஒரு மனிதர் தம் ஆயுளையெல்லாம் செலவழித்து எழுதியவை அவை. அவற்றிலிருந்து பிறந்ததுதான் அந்த வீட்டின் பெரிய அகராதி. அவர் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அவருக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் சீட்டுகளுக்கும், சின்னவன் கீழ்த்தளத்து அச்சு இயந்திரத்துக்கும் காவல். நாற்பத்திரண்டு வருடம் கழித்து இரண்டாம் பதிப்பு வெளிவரப்போகிறது.

அப்பா விதித்துவிட்டுப் போன சட்டம் இரண்டே இரண்டு. சீட்டு இல்லாத பொருளை அச்சில் ஏற்றக் கூடாது. சீட்டைப் பார்க்க வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும், முகம் கோணாமல் எடுத்துக் காட்ட வேண்டும். பெரிய படிப்பாளிகள் வந்து கேட்டிருக்கிறார்கள். சந்தையில் பந்தயம் கட்டியவன் ஒருவன் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்து கேட்டிருக்கிறான். எல்லாருக்கும் ஒரே நாற்காலி, ஒரே மரியாதை. அந்த வீட்டுக்கு வேறு சொத்து சுகம் கிடையாது. அந்த நாற்காலிதான் அவர்கள் கௌரவம்.

சீட்டுகளில் மூன்று நிறம் உண்டு. அச்சு நூலிலிருந்து எடுத்தது வெள்ளை. கைப்பிரதியிலிருந்து எடுத்தது மஞ்சள். பள்ளிப் பிள்ளைகளுக்கான சின்ன அகராதிக்காக அப்பாவே சொந்தமாகப் புனைந்து எழுதிய வாக்கியம் பச்சை. பச்சைச் சீட்டுக்குப் பெரிய அகராதியில் இடமே கிடையாது. நிறமே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதால், அப்பா மூலையில் எண்ணை மட்டும் எழுதுவார். மஞ்சளில் இருந்தால் அது கைப்பிரதியின் எண். பச்சையில் இருந்தால் வெறும் வரிசை எண்.

விமானம் என்ற சொல்லுக்கு அகராதியில் ஐந்து பொருள். வேர் வடமொழியில் இருக்கிறது: அளப்பது, அளந்து வகுப்பது. அந்த வேரிலிருந்து, அளந்து கட்டிய பல அடுக்கு மாளிகை முதற்பொருள். தேவர்கள் ஏறி வானில் செல்லும் தேர் இரண்டாவது. கருவறைக்கு மேலே எழும் அடுக்குக் கட்டுமானம் மூன்றாவது. ஐந்தாவது, இன்று தலைக்கு மேலே இரைந்துகொண்டு போகிற இயந்திரம். அந்தப் புது வண்டிக்குப் பெயர் தேடியவர்கள் தேவர்களுடைய தேரின் பெயரைத் தூக்கி அதற்குச் சூட்டிவிட்டார்கள். இந்த நான்கையும் எந்த அகராதியிலும் பார்க்கலாம்.

நான்காவதுதான் இந்த வீட்டுக்கு மட்டும் உரியது. 'மனிதர் தம் கையால் செய்து ஓட்டிய பறக்கும் ஊர்தி. பழைய வழக்கு.' அதற்கு மேற்கோள்: 'தச்சன் சமைத்த விமானம் ஏறி எழுவர் மலை கடந்தனர்.' ஆதாரம் கைப்பிரதி நாற்பத்தொன்று, முந்நூறு ஆண்டுப் பழமை. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, இயந்திரம் வருவதற்கு முன்பே நம் முன்னோர் பறந்தார்கள் என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். வேறு சிலர் நம்பவில்லை. ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து அப்பாவின் முகத்துக்கு நேராக, "அந்த வரி நிஜமா?" என்று கேட்டுவிட்டார். அப்பா மேசையை ஓங்கித் தட்டினார். "என் வீட்டில் சீட்டு இருக்கிறது. என் பேர் அந்தச் சீட்டின் மேல் நிற்கிறது," என்றார். அவர் அப்படிச் சபையில் தம் பேரைப் பணயம் வைத்துப் பேசியது ஒரே ஒரு முறைதான்.

ஆய்வாளர் ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வாளர். மூன்று மாதத்தில் ஏழு கடிதம் எழுதியிருந்தார். ஏழிலும் நலம் விசாரிப்பு கிடையாது, சுற்றி வளைப்பு கிடையாது. 'நான்காம் பொருளுக்கான மூலச் சீட்டை நேரில் காண விரும்புகிறேன்.' அவ்வளவுதான். கத்தியைத் தீட்டிக்கொண்டு வருகிறவன்தான் இப்படி எழுதுவான் என்று சின்னவன் முடிவு கட்டியிருந்தான்.

"வரட்டும்," என்றாள் பெரியவள். "மூலச் சீட்டைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வைக்கிறேன்."

இழுப்பறைகளில் இருந்தவை எல்லாம் மூலங்கள் அல்ல. நாற்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மழையில் கூரை ஒழுகி, ஓர் அலமாரி முழுக்க நனைந்துபோயிற்று. கெட்டுப்போன சீட்டுகளைப் பெரியவள்தான் புதுச் சீட்டில் நகல் எடுத்தாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. அப்பா பழையவற்றையும் எறிய விடாமல் தகரப் பெட்டிகளில் போட்டு வைத்தார். பெட்டிகள் பரணில் இருந்தன.

பூதக்கண்ணாடி ஏணியைப் பிடித்துக்கொள்ள, அறுபத்திரண்டு வயதில் அவள் பரண் ஏறினாள். 'வ' பெட்டி மூன்றாவது வரிசையில், தூசிக்குக் கீழே இருந்தது. மூடி துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தாள். தண்ணீர்க் கறையும் சுருக்கமுமாக அப்பாவின் கையெழுத்து வரிசை வரிசையாக நின்றது. விதி, விதை, விந்தை, விபூதி. அவள் விரல் வேகமாக ஓடியது.

விமானம். மஞ்சள் சீட்டு. மூலையில் 41. இடது ஓரத்தில் தலைச்சொல் எழுதிய சின்னத் துண்டு ஒன்று குண்டூசியால் குத்தியிருந்தது. தச்சன் சமைத்த விமானம் ஏறி எழுவர் மலை கடந்தனர். சந்தேகமே இல்லை. அப்பாவின் எழுத்து.

"இருக்கு ஐயா!" என்றாள். அவளுக்கே தன் குரல் சின்னப் பெண் குரல் போலக் கேட்டது.

"அப்பாடா," என்றார் கீழேயிருந்து பூதக்கண்ணாடி. "என் கையும் ஏணியும் சேர்ந்தே ஆடிட்டிருந்துச்சு. இறங்குங்க."

மேற்கு ஜன்னலருகே அவளுடைய மேசை. சீட்டை அதில் வைத்துத் தூசியை ஊதினாள். குண்டூசி துருப்பிடித்து, தாளில் சிவப்புக் கறை படர்ந்திருந்தது. ஆய்வாளர் கையில் அழுக்குச் சீட்டைக் கொடுப்பது அந்த வீட்டுக்கு அழகல்ல. நகத்தால் நெம்பி ஊசியைக் கழற்றினாள். தலைச்சொல் துண்டு விலகியது.

துண்டுக்கு அடியில் இருந்த இடம் பச்சையாக இருந்தது.

சரியாக அந்தத் துண்டின் அளவு. ஒரு விரல் அகலம், இரண்டு விரல் நீளம். கத்தரித்து ஒட்டியது போல நேரான ஓரங்களோடு, நல்ல இலைப்பச்சை. சுற்றிலும் எல்லாம் மஞ்சள்.

அவள் சீட்டைத் திருப்பினாள். பின்பக்கமும் மஞ்சள். மறுபடி திருப்பினாள். பச்சை அங்கேயே இருந்தது.

பூதக்கண்ணாடி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

அந்த மழை அவளுக்கு அப்படியே கண்முன் வந்தது. நனைந்த சீட்டுகளை அவளிடம் கொடுத்து, "நிழல்ல காயப் போடும்மா. வெயில் காட்டாதே," என்றார் அப்பா. நிழலில் காய ஒரு மாதம் ஆகும். அவளுக்குப் பொறுக்கவில்லை. கல்லூரி திறக்கப்போகிறது, அதற்குள் முடித்துவிட்டுத் தோழிகளோடு போக வேண்டும். அப்பா வெளியூர் போயிருந்த இரண்டு வாரமும், இதே மேற்கு ஜன்னலில் கயிறு கட்டி, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிச் சுள்ளென்ற வெயிலில் காய வைத்தாள். அவர் திரும்பி வந்தபோது எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. "கெட்டிக்காரி," என்றார் அவர்.

பச்சை வெளுத்தால் மஞ்சளாகும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. மஞ்சள் என்று பார்த்து மஞ்சளில் நகல் எடுத்தாள். எண் 41 என்று இருந்ததால், 'கைப்பிரதி' என்று பக்கத்தில் தானாகவே சேர்த்து எழுதினாள். இரண்டு வருடம் கழித்து, தொண்ணூறாயிரத்துக்கு நடுவில் அந்த நகல் அப்பாவின் கைக்குப் போனது. பிள்ளைகளுக்காக என்றோ தாமே புனைந்த வரி அவருக்கு நினைவில்லை. சாப்பாட்டு மேசையில் அதைப் படித்துக் காட்டினார். "யார் எழுதினானோ, என்ன அழகா எழுதியிருக்கான் பாரு!" என்று தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். தம் வரியையே மூன்று நூற்றாண்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதற்காகச் சபையில் மேசையைத் தட்டினார். மகளின் கையை அவ்வளவு நம்பினார்.

"தம்பியைக் கூப்பிடுங்க," என்றாள் பெரியவள்.

சின்னவன் கையில் மையோடு வந்தான். அறுபதை நெருங்குகிறவனுக்கு அந்த வீட்டில் இன்னமும் சின்னவன் என்றுதான் பெயர். அவள் சொல்லச் சொல்ல நின்றுகொண்டே கேட்டான். சீட்டைத் தொடாமல் முகத்தை மட்டும் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு கதவைச் சாத்தினான்.

"யாருக்குத் தெரியும்?"

"நம்ம மூணு பேருக்கு."

"நல்லதாப் போச்சு. அந்தத் துண்டைத் திரும்ப வெச்சுக் குத்திடு."

"டேய்."

"என்னக்கா டேய்? நாற்பத்திநாலு வருஷமா அது அங்கதானே இருந்துச்சு? இன்னிக்கு நீ ஊசியைக் கழட்டாம இருந்திருந்தா?"

"கழட்டிட்டேனே."

"அப்பா சபையில நின்னு சொன்னாருக்கா. என் பேரு அந்தச் சீட்டு மேல நிக்குதுன்னு சொன்னாரு. நான் முதல் வரிசையில உக்காந்திருந்தேன். எதிர்க் கேள்வி கேட்டவன் வாயை மூடிட்டு உக்காந்தான். இப்ப நம்ம போய், அந்தச் சீட்டு பொய்னு சொன்னா என்ன ஆகும்? தொண்ணூறாயிரம் சீட்டையும் சந்தேகப்படுவான். அப்பா புளுகினாருன்னு சொல்லுவான். செத்தவரால வந்து பதில் சொல்ல முடியுமா?" அவன் பூதக்கண்ணாடியிடம் திரும்பினான். "நீங்க சொல்லுங்கய்யா. சும்மா கல்லு மாதிரி நின்னா?"

"நான் எழுத்துப் பிழை பாக்குறவன் தம்பி. இது எழுத்துப் பிழை இல்ல," என்றார் அவர்.

"சரி, இப்படிப் பண்ணலாம்," என்று சின்னவன் குரலைத் தாழ்த்தினான். "நாலாவது பொருளைச் சத்தமில்லாம எடுத்துடலாம். புதுப் பதிப்புல இருக்காது. ஏன்னு எவன் கேக்கப்போறான்? ஆய்வாளர் வந்தா, சீட்டு பழுதுபார்க்கப் போயிருக்குன்னு சொல்லிடலாம்."

"சீட்டு கையில இருக்கும்போது இல்லைன்னு சொல்லச் சொல்றியா? அந்த நாற்காலியில உக்கார வெச்சுக்கிட்டா?"

அவள் கோபப்படவில்லை. தம்பி தப்பாகச் சொல்கிறான் என்று தள்ளிவிடவும் அவளால் முடியவில்லை. அப்பாவின் பேர் அவளுக்கும்தான் பேர். அந்தப் பேரோடுதான் அவள் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிறாள். சட்டத்தைக் காப்பாற்றினால் அப்பா வாக்கு பொய்யாகிறது. வாக்கைக் காப்பாற்றினால் அப்பா சட்டம் பொய்யாகிறது. மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது.

மத்தியானம் அவர்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் திரும்பி வந்து பார்த்தபோது சீட்டில் துண்டு பழைய இடத்தில் இருந்தது. ஊசியும் பழைய துளையிலேயே குத்தியிருந்தது. மஞ்சள், முழு மஞ்சள். யார் கைவேலை என்று கேட்கத் தேவையில்லை. ஓரத்தில் மைக்கறை படிந்த விரல் அடையாளம் இருந்தது. அவள் அதைக் கழற்றக் கை நீட்டினாள். கை பாதியில் நின்றது. நின்ற கை மடிக்குத் திரும்பிவிட்டது.

மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஆய்வாளர் வந்துவிட்டார். ஒல்லியான, நெடிய மனிதர். சட்டையில் கழுத்துப் பித்தான் வரை போட்டிருந்தார். கையில் ஒரு தோல் பை. அவள் காட்டிய நாற்காலியில் அவர் உட்காரவில்லை.

"இந்த நாற்காலியாம்மா?" என்றார். "உங்க அப்பா வர்றவங்களை உக்கார வெச்சு சீட்டு காட்டுற நாற்காலி?"

"அதேதான். உக்காருங்க ஐயா."

அவர் நாற்காலியின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நுனியில் உட்கார்ந்தார். சின்னவன் கதவோரம் நின்றான். பூதக்கண்ணாடி அச்சுப்படியைப் புரட்டுவது போல் பாவனை செய்தார். தாள் தலைகீழாக இருந்தது.

"எனக்குச் சுத்தி வளைச்சு எழுதத் தெரியாதும்மா. ஆய்வு அறிக்கை எழுதியே பழகின கை. என் கடிதம் உங்களுக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும்," என்றார் ஆய்வாளர். "நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போனவன். எந்த வகுப்புக்குப் போனாலும் முதல்ல ஒண்ணு கேப்பேன். விமானத்தை முதல்ல செஞ்சது யாரு? பிள்ளைங்க முழிக்கும். தச்சன்னு சொல்லுவேன். உங்க அப்பா அகராதியைத் திறந்து காட்டுவேன். அந்தக் குழந்தைங்க முகத்தை நீங்க பாத்திருக்கணும்."

பெரியவளுக்குப் புரியவில்லை. கத்தி எங்கே என்று தேடினாள்.

அவர் தோல் பையைத் திறந்து ஒரு தாளை மேசையில் விரித்தார். நகரத்தின் புது மண்டபத்துக்கான வரைபடம். நடுவில் ஒரு கண்ணாடிப் பேழை. அதற்கு மேலே ஒரு படத்துக்கு இடம்.

"அடுத்த மாசம் திறப்பு விழா. படம் உங்க அப்பாவோடது. பேழையில வைக்கப்போறது இந்தச் சீட்டு. நான்தான் குழுவுல பேசி முடிச்சேன். அதுக்கு முன்னாடி என் கண்ணால ஒரு தடவை பாத்துடணும்னுதான் ஏழு கடிதம் போட்டேன். உங்களைச் சந்தேகப்பட்டு இல்லம்மா." அவர் சிரித்தார். சிரிக்கத் தெரியாத முகத்தில் அது கோணலாக வந்தது. "ஆசைப்பட்டு."

கதவோரத்தில் சின்னவன் நிலையைப் பிடித்துக்கொண்டான். அப்பாவின் படம். ஊர் மண்டபத்தில், எல்லாரும் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில். பதினெட்டு வருடமாக அவனுக்கு இருந்த ஒரே குறை அதுதான். அவன் அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். தான் உடைத்ததை அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை.

அவள் சீட்டை எடுத்து ஆய்வாளரிடம் நீட்டினாள். சட்டம் அது. கேட்டால் காட்ட வேண்டும்.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாய்க்குள் படித்தார். தச்சன் சமைத்த விமானம் ஏறி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி படித்தார். அவருடைய கட்டைவிரல் தலைச்சொல் துண்டின் மேல் இருந்தது. துருவேறிய ஊசி அந்த விரலுக்கு அடியில் மெல்ல அசைந்தது. ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

"ஊசி விட்டுப்போயிருக்கும் போல," என்றார்.

"பழசு ஐயா," என்றான் சின்னவன் அவசரமாக. "தொட்டா கையில ஏறிடும். துரு."

"ஐயையோ, நான் தொடல. அவர் குத்தின ஊசி. இப்படியேதான் பேழைக்குள்ள போகணும்." ஆய்வாளர் விரலை எடுத்துவிட்டார். சீட்டை வரைபடத்தின் நடுவில், பேழை வரைந்திருந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். "கச்சிதமா இருக்குல்ல?"

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இனிமேல் யாரும் கேட்கப்போவதும் இல்லை. கண்ணாடிக்குள் போய்விட்டால் அந்த ஊசியை உலகம் உள்ளவரை யாரும் கழற்ற மாட்டார்கள். அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டு இருப்பது. கீழே இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் மேசையின் விளிம்பைத் தொட்டுவிட்டு, சீட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"ஊசியைக் கழட்டுங்க," என்றாள் பெரியவள்.

"அக்கா!"

"கழட்டிப் பாருங்க ஐயா. சீட்டை முழுசாப் பாக்காம யாரும் இந்த நாற்காலியை விட்டு எழுந்தது இல்ல."

ஆய்வாளர் அவளையும் சின்னவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நகத்தால் ஊசியை நெம்பினார். துண்டு நழுவி வரைபடத்தின் மேல் விழுந்தது.

அவருக்கு நிறங்களின் கணக்கு தெரியாது. அவள் சொன்னாள். மழையைச் சொன்னாள், ஜன்னலைச் சொன்னாள், நிழலில் காய வைக்கச் சொன்னதைச் சொன்னாள். கல்லூரி திறக்கப்போகிற அவசரத்தையும் விடவில்லை. அவள் கைகள் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கிக்கொண்டிருந்தன.

ஆய்வாளர் துண்டை எடுத்துப் பச்சையின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"காலைல மூணு பேரு. இப்ப நாலு."

"நாலு பேரும் பேசாம இருந்துடலாமேம்மா."

"இருக்கலாம்."

"முப்பது வருஷம். எத்தனை பிள்ளைங்க. அவங்க முகத்தையெல்லாம் நான் திரும்பப் போய்த் தேட முடியுமா? சொன்னது பொய்னு வீடு வீடாச் சொல்ல முடியுமா?" அவர் எழுந்துவிட்டார். "உங்க அப்பா இருந்திருந்தா இப்படி ஒரு மானக்கேட்டைப் பண்ணியிருக்க மாட்டார்."

பெரியவளும் எழுந்தாள். அவளை உட்கார்ந்த நிலையிலேயே பார்த்துப் பழகியவர்களுக்கு அவள் எவ்வளவு உயரம் என்பது தெரியாது.

"எங்க அப்பா இருந்திருந்தா நீங்க வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டார். காலைலயே உங்க வீட்டுக்குச் சீட்டை எடுத்துக்கிட்டு நடந்து வந்திருப்பார். நான் நாலு மணி நேரம் யோசிச்சேன். மானக்கேடுன்னா அந்த நாலு மணி நேரம்தான். இந்தச் சொல்லோட வேரே அளக்கிறதுதான் ஐயா. அளவு தப்பினதுக்கு அப்புறம் அதை வெச்சுக் கட்டக் கூடாது."

அவர் வரைபடத்தைச் சுருட்டினார். மடிப்பு மடிப்பாக வைத்து எடுத்து வந்த தாள், இப்போது கசங்கியது. வாசல்வரை போனவர் திரும்பினார். "படத்துக்கு நான் பேச மாட்டேன். உங்களுக்கு எதிராகவும் பேச மாட்டேன். எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல." படிகளில் அவருடைய செருப்புச் சத்தம் ஒவ்வொன்றாக இறங்கிப் போயிற்று.

சின்னவன் அவளைப் பார்க்கவில்லை. "படம் போச்சு," என்றான் சுவரைப் பார்த்து.

"ஆமா."

"மூணே முக்காலாச்சு. நாலாவது பொருளை எடுத்தா நாலு வரி பள்ளம் விழும்."

"தெரியும். நாலு வரியிலயே குறிப்புப் போடு," என்றாள் அவள். சீட்டுக் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி நின்றபடியே எழுதினாள். எழுதியதைப் பூதக்கண்ணாடியிடம் கொடுத்தாள். அவர் உரக்கப் படித்தார்.

'முதற்பதிப்பில் நான்காவதாகத் தந்த பொருள் பிழை. அதற்குக் கைப்பிரதிச் சான்று இல்லை. வெயிலில் நிறம் மங்கிய சீட்டு தவறாக நகலாயிற்று. பிழை நகலெடுத்த மகளுடையது; தொகுத்தவருடையது அன்று.'

அவர் உதடு அசைய எண்ணினார். "அஞ்சு வரி வருதும்மா. ஒரு வரி போகணும். இல்லேன்னா அடுத்த பக்கம் தள்ளும். பிளேட்டுல உள்ள பதினாறு பக்கமும் திரும்பப் பண்ணணும்."

"அப்பாவைப் பத்தின வரியில கை வைக்காதீங்க," என்றான் சின்னவன் சட்டென்று. அக்கா மேல் இருந்த கோபத்திலும் அது வந்தது.

பெரியவள் பென்சிலை வாங்கி, வெயில் என்று தொடங்கிய வாக்கியத்தை ஒரே கோடாக அடித்தாள்.

சின்னவன் எட்டிப் பார்த்தான். "அக்கா, அது ஒண்ணுதானே உன் பக்கத்து நியாயம்? நிறம் மங்கலேன்னா நீ ஏன் தப்பா எழுதப்போறே?"

"நிழல்ல காயப் போடுன்னு சொன்னாரே."

அவன் தாளை வாங்கிக்கொண்டு கதவுவரை போய் நின்றான். "மகளுடையதுன்னு மட்டும் போட்டா எந்த மகள்னு எவனும் கேக்க மாட்டான். இருக்கிறது ஒருத்திதான்."

"அதான் போதும். போ. நாலு அடிக்கப்போகுது."

அவன் படியிறங்கினான். பூதக்கண்ணாடி தலைகீழாக வைத்திருந்த அச்சுப்படியை நேராக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான்காம் பொருளைச் சிவப்பு மையால் சுழித்தார். "அஞ்சாவது இனிமே நாலாவது," என்று எண்ணைத் திருத்தினார். பிறகு அவளைப் பார்க்காமலே, "தச்சன் விமானம் பத்திரமா இறங்கிடுச்சும்மா. ஏழு பேரும் சௌக்கியம்," என்றார்.

காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. அதை அவர் பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேற்கு ஜன்னலின் கதவைச் சாத்தினாள். அப்பாவின் சீட்டைக் குண்டூசி இல்லாமல், துண்டு இல்லாமல், பச்சை தெரியும்படி இழுப்பறையில் முதலாவதாக வைத்தாள். யாராவது வந்து கேட்டால் காட்ட வேண்டும்.

கீழே இயந்திரம் ஓடத் தொடங்கியது.